எத்தனை படித் தவிடு?

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளைச் சீண்டுவதற்கென்றே ஒரு பேச்சு இருக்கிறது. "உன்னை நாங்கள் பெறவே இல்லை, தவிட்டுக்கு வாங்கினோம்" என்பார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் எந்த ஊரானாலும் சரி, எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனாலும் சரி, இதைக் கேட்டு ஒரு முறையாவது உதட்டைப் பிதுக்காமல் வளர்ந்தவர்கள் இருக்க மாட்டார்கள். மலையாளிகளும் இதையேதான் சொல்கிறார்கள், "தவிடு கொடுத்து வாங்ஙியதா" என்று. அரிசியை விட்டு, பணத்தை விட்டு, இரண்டு மொழிக்காரர்களும் தவிட்டையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. பிள்ளை அழும், அம்மா வாரி எடுத்து முத்தம் கொடுப்பாள், திண்ணை முழுக்கச் சிரிக்கும். சொல்வது பொய் என்று அந்தப் பிள்ளைக்கு உள்ளூரத் தெரியும். தெரிவதால்தான் அது விளையாட்டு.

என் மகளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாலையில் என் அம்மா வீட்டில், அவளுடைய அம்முச்சி வீட்டுத் திண்ணையில், எல்லாரும் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு ஆத்தா தன் பேரனிடம் இந்தப் பேச்சை எடுத்தார். அவன் காலை உதைத்துக்கொண்டு அழுதான். நாங்கள் சிரித்தோம். என் மகளும் சிரித்தாள், மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே. அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இரவு விளக்கை அணைத்த பிறகு, என் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, என்னை எத்தனை படித் தவிட்டுக்கு வாங்கினீர்கள்?"

அவள் எங்களிடம் வந்தபோது அவளுக்குப் பதினான்கு மாதம். தத்தெடுத்துதான் வந்தாள் என்பதை நாங்கள் ஒரு நாளும் மறைத்ததில்லை. பேச்சு புரியும் முன்பிருந்தே சொல்லிச் சொல்லி அந்தச் சொல் வீட்டில் பழகிவிட்டிருந்தது. ஆகவே என்னிடம் பதில் தயாராக இருந்தது. உன்னை யாரும் வாங்கவில்லை கண்ணு, நாங்கள் உனக்காக வருடக்கணக்கில் காத்திருந்தோம், தொலைபேசி வந்த நாளில் அப்பா அழுதுவிட்டார், உன்னைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்தோம் என்று எப்போதும் சொல்லும் கதையைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும், "சரி. யாரிடமிருந்து?" என்றாள்.

அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் மூன்று வருடமாக நடந்துகொண்டிருக்கிறேன். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் எங்களிடம் வருவதற்கு முன்னால் நடந்தவற்றில் எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுடையது. யாருக்குச் சொல்வது என்பதை அவளே வளர்ந்து முடிவுசெய்யட்டும்.

வளர்ப்பு என்ற சொல்

நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். சொற்கள் எனக்குக் கைப்பழக்கம். அப்படியிருந்தும், தமிழில் இந்த உறவைச் சொல்ல வைத்திருக்கும் சொற்கள் ஒரு குழந்தையின் காதில் எப்படி விழும் என்பதை என் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் இரண்டாம் வகுப்பு படிக்கையில் வகுப்பறைச் சுவரில் ஒரு படத்தாள் தொங்கியது. ஆடு, மாடு, நாய், பூனை, கோழி. மேலே பெரிய எழுத்தில் 'வளர்ப்புப் பிராணிகள்'. அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவளைச் சுட்டிக்காட்டி, "இது அவர்களுடைய வளர்ப்பு மகள்" என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பையைக் கழற்றக்கூட இல்லை, கேட்டுவிட்டாள்: "அம்மா, இரண்டும் ஒரே வளர்ப்புதானா?"

வளர் என்பது வேர்ச்சொல், பெற்ற பிள்ளையையும் வளர்க்கத்தான் செய்கிறோம், ஆகவே எல்லாப் பிள்ளைகளும் வளர்ப்புப் பிள்ளைகளே என்று விளக்கம் சொல்லிக்கொண்டு போனேன். பாதியிலேயே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் சொல்வது போல இருந்தது. அவள் கேட்டது சொல்லின் பொருளை அன்று. அந்தப் படத்தாளில் தன்னையும் ஒரு கட்டத்துக்குள் வரைந்துவிடுவார்களோ என்ற பயத்தைக் கேட்டாள்.

உறவினர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆசையாகத் தலையைத் தடவி, "நீ கொடுத்துவைத்தவள் சாமி, இப்படி ஒரு அப்பா அம்மா யாருக்குக் கிடைக்கும்" என்பார்கள். பெற்ற பிள்ளையிடம் யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறந்ததற்காக ஒரு பிள்ளை தினமும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வந்ததற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பாரத்தை ஏழு வயதுத் தலையில் வைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. எங்கள் ஊர் மொழிகள் கலப்பதை உறுத்தலாக நினைக்காத ஊர். சித்தூர் தாலுக்கா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, 1949-இல் திருவிதாங்கூர்–கொச்சி ஆனது, 1956 நவம்பர் 1 முதல் கேரளம். ரேஷன் அட்டை மலையாளத்தில், கல்யாணப் பத்திரிகை தமிழில், சந்தையில் பேரம் வாயில் எது முதலில் வருகிறதோ அதில். இங்கே எந்தப் பிள்ளையையும் நிறுத்தி, உன் உண்மையான மொழி எது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் என்றால் இரண்டும்தான். அதே வாய்கள்தான் என் மகளை நிறுத்தி, "உன் உண்மையான அம்மா யார் என்று தெரியுமா?" என்று கேட்டிருக்கின்றன.

நான்கு பற்கள்

பேச்சில் பதில் சொல்ல முடியாதவர்கள் புத்தகத்திடம் போவார்கள். நானும் போனேன். தத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதிய கதைகள் தமிழில் என் கைக்கு அகப்பட்டவை மிகக் குறைவு. பெரும்பாலும் ஆங்கிலப் படக்கதைகளை வாங்கி, படத்தைக் காட்டிக்கொண்டே தமிழில் சொன்னேன். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே எலும்புக்கூடு. ஒரு வீடு. அங்கே ஒரு காலித் தொட்டில். அப்பாவும் அம்மாவும் ஏங்குகிறார்கள். ஒரு நாள் தகவல் வருகிறது. ஓடுகிறார்கள். குழந்தையைத் தூக்குகிறார்கள். வீட்டுக்குத் தோரணம் கட்டுகிறார்கள். கதை முடிந்தது. சிலவற்றில் மனிதர்களுக்குப் பதில் கரடிகளும் பறவைகளும் வரும், அம்மாவுக்கு ஒரு நிறம், குஞ்சுக்கு ஒரு நிறம். அன்பாக எழுதிய கதைகள்தாம். அவளும் ஆசையாகப் பார்த்தாள். ஆனால் அவை எல்லாமே எங்களுடைய கதைகள் என்பது எனக்கு நாளாக நாளாகத்தான் பிடிபட்டது. ஏங்கியது நாங்கள், ஓடியது நாங்கள், அழுதது நாங்கள். குழந்தை எங்கள் கதையின் முடிவில் வருகிற பரிசு. "உன்னைத் தேர்ந்தெடுத்தோம்" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதைக் கேட்கிற பிள்ளை அடுத்த அடியை வைக்காதா? தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அதற்கு முன்னால் ஒருவர் விட்டிருக்க வேண்டும். அந்த ஒருவரைப் பற்றி அந்தப் புத்தகங்களில் ஒரு வரி கிடையாது.

பழைய கதைகள் அந்த மௌனத்தைவிட மோசமாகவும் இருந்தன. ஆண்டர்சன் 1843-இல் எழுதிய அசிங்கமான வாத்துக்குஞ்சின் கதையை எல்லாரும் தன்னம்பிக்கைக் கதையாகத்தான் சொல்கிறோம். வேறொரு கூட்டில் வளர்ந்த பிள்ளையின் காதில் அது, உன் இனம் வேறு, அங்கே போனால்தான் உனக்கு அழகு வரும் என்று கேட்கும். நம் ஊர்க் குயில் கதையும் அப்படியே. காக்கைக் கூட்டில் வளரும் குயில் குஞ்சு வாயைத் திறந்து கூவியதும் காகம் கொத்தி விரட்டிவிடும் என்றே எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் வகுப்பில் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். பிறகு ஒரு கோடையில் எங்கள் வீட்டு முருங்கையில் நேரில் பார்த்தேன். கூட்டை விட்டு வெளியே வந்து கிளையில் உட்கார்ந்துவிட்ட குயில் குஞ்சு, இறக்கையை நடுக்கிக்கொண்டு கத்துகிறது. காகம் பறந்து வந்து, அந்தச் சிவந்த வாய்க்குள் இரையைத் திணித்துவிட்டுப் போகிறது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். குஞ்சின் குரல் காக்கைக் குரல் இல்லை என்பது தெரு முழுவதற்கும் கேட்டது. பல வருடமாகப் பிள்ளைகளுக்கு நான் சொன்ன பாடத்துக்காக அன்று வெட்கப்பட்டேன்.

புத்தகம் கிடைக்காததால் நானே ஒன்று செய்தேன். கெட்டித் தாள் வாங்கி, பதினாறு பக்கம் வெட்டி, கெட்டி நூலால் தைத்து, 'நீ வந்த நாள்' என்று பெயர் எழுதினேன். முதல் பக்கத்தில் அவளுடைய முதல் புகைப்படம். அவள் இருந்த குழந்தைகள் இல்லத்தின் கூடத்தில், மஞ்சள் கவுன் போட்டு, ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாய் நிறையச் சிரிப்பு. அடுத்து ரயில், அடுத்து பாலக்காட்டு ஸ்டேஷன், அம்முச்சி ஆரத்தி எடுக்கிறார், அப்பா தோளில் தூங்குகிறாள். எனக்கு ரொம்பப் பெருமை. அவளுடைய ஏழாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தேன்.

இரண்டு நாள் படுக்கையில் வைத்துக்கொண்டு புரட்டினாள். மூன்றாம் நாள் முதல் பக்கத்தை விரித்து என் மடியில் வைத்தாள். புகைப்படத்தில் தன் வாயின் மேல் சுண்டுவிரலை வைத்து, "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணினாள். மேலே இரண்டு, கீழே இரண்டு. எனக்கு என்ன வருகிறது என்று தெரியவில்லை.

"இந்தப் பல்லெல்லாம் எங்கே முளைத்தது?"

நான் பேசாமல் இருந்தேன். "முதல் பக்கத்திலேயே நான் நிற்கிறேன். பல் இருக்கிறது. யாரோ சோறு ஊட்டியிருக்கிறார்கள். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு நோட்டில் ஆசிரியர் விட்டுவிட்ட பிழையைக் காட்டுகிற குரல். பிறகு போய்த் தன் வரைபட நோட்டிலிருந்து இரண்டு வெள்ளைத் தாளைக் கிழித்து எடுத்து வந்தாள். பசையைத் தடவி, என்னுடைய முதல் பக்கத்துக்கு முன்னால் ஒட்டினாள். ஓரம் சரியாகப் பொருந்தவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டாள்.

ஒரு பாட்டு மட்டும்

அந்த இரண்டு தாளில் எழுத என்னிடம் என்ன இருந்தது? யோசித்துப் பார்த்தால் ஒரு பாட்டு இருந்தது. அவள் வந்த முதல் வாரம் இரவில் தூங்கவே மாட்டாள். எனக்குத் தெரிந்த தாலாட்டையெல்லாம் பாடினேன். யார் அடித்து அழுதாய் என்று தொடங்கி, மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ என்று உறவு உறவாக அழைத்துக்கொண்டு போகிற பாட்டு. அது அவளுக்கு ஒட்டவில்லை. அந்த மாமனும் அத்தையும் யாரென்றே அவளுக்குத் தெரியாதே. அந்த இல்லத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். அங்கே இரவுப் பணியில் இருந்த அம்மாள், "ஓமனத்திங்கள்கிடாவோ பாடுங்கள்" என்றார். மலையாளத் தோழி ஒருத்தியிடம் இரண்டு அடி கற்றுக்கொண்டு உளறிப் பாடினேன். தூங்கிவிட்டாள்.

பின்னாளில் திருவிதாங்கூர் அரசரான சுவாதித் திருநாளைக் கைக்குழந்தையாக இருக்கையில் தூங்கவைக்க இரயிம்மன் தம்பி எழுதிய பாட்டு அது. சுவாதித் திருநாள் பிறந்தது 1813-இல். இருநூறு வருடமாக மலையாளத் தாய்மார்கள் பாடுகிறார்கள். அந்தப் பாட்டில் தூங்கு என்ற சொல்லே வராது. அடிக்கு அடி கேள்விதான். நீ நிலாப் பிள்ளையா, தாமரைப் பூவா, பூவில் நிறைந்த தேனா என்று கேட்டுக்கொண்டே போகும், எந்தக் கேள்விக்கும் பதில் வராது. எங்கள் தாலாட்டு குழந்தையைச் சொந்தபந்தத்துக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டுப் பாடுகிறது. அந்தப் பாட்டு, நீ யார் என்று குழந்தையிடமே கேட்டு வியந்துகொண்டிருக்கிறது. பதினான்கு மாதம் இதைக் கேட்டு வளர்ந்தவள் "யாரிடமிருந்து?" என்று கேட்டதில் என்ன ஆச்சரியம். அவளிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் எனக்கு முதலில் மலையாளம்தான் கேட்டது" என்று திருப்தியாகச் சொல்லிக்கொண்டாள். தாளில் எதையும் எழுதவில்லை.

வாயில்லாத பிள்ளை

வாசகசாலை இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19-ஐக் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடுவார்கள். எங்கள் ஊர் வாசகசாலையில் அன்று பிள்ளைகளுக்குக் கதை சொல்ல என்னை அழைப்பது வழக்கம். போன வருடம் பொறுப்பாளர், "பாலக்காட்டுக் கதையாகச் சொல்லுங்கள் டீச்சர், பந்திருகுலம் சொல்லுங்கள்" என்றார். பறையி பெற்ற பந்திருகுலம், அதாவது பறையர் பெண் ஒருத்தி பெற்ற பன்னிரண்டு குலம். இங்கே பிறந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. பல வருடமாக நான் சொல்லாமல் தவிர்த்துவந்த கதையும் அதுதான். காரணம் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு அப்போது எட்டு வயது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சொன்னேன். வாழைத்தண்டுத் தெப்பத்தில், தலையில் பந்தம் செருகி ஆற்றில் விட்ட ஒரு பெண் குழந்தை. அதை ஒரு பிராமணக் குடும்பம் எடுத்து வளர்த்தது, பஞ்சமி என்று பெயர். வளர்ந்ததும் வரருசி என்ற பண்டிதரை மணந்தாள். இருவரும் ஊர் ஊராக நடந்தார்கள். வழியில் ஒவ்வொரு பிள்ளையாகப் பிறந்தது. ஒவ்வொரு முறையும் வரருசி கேட்பார்: "வாய் இருக்கிறதா?" இருக்கிறது என்பாள். "வாய் கொடுத்த தெய்வம் உணவும் கொடுக்கும், விட்டுவிட்டு வா." விட்டுவிட்டு வருவாள். அப்படிப் பதினொரு பிள்ளைகள். கண்டெடுத்தவர்கள் வளர்த்தார்கள். ஒருவர் அக்னிஹோத்திரி ஆனார், ஒருவர் கூடை முடையும் பாக்கனார், ஒருவர் பெருந்தச்சன், ஒருவர் இராயிரநெல்லூர் மலையில் கல்லை உருட்டிய நாறாணத்துப் பிராந்தன். பன்னிரண்டாவது பிள்ளை பிறந்ததும் வரருசி கேட்டார்: "வாய் இருக்கிறதா?" பஞ்சமி, "இல்லை" என்று பொய் சொன்னாள். அப்படியானால் எடுத்துக்கொள் என்றார். குனிந்து பார்த்தால் குழந்தைக்கு உண்மையிலேயே வாய் இல்லாமல் போயிருந்தது. அந்தப் பிள்ளையைத்தான் குன்றின் மேல் தெய்வமாக வைத்தார்கள். வாயில்லாக்குன்றிலப்பன். கடம்பழிப்புறத்தில் கோயில் இருக்கிறது.

பிள்ளைகள் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தார்கள். பிறகு ஒரு பையன் பந்தம் சுடாதா என்று கேட்டான், இன்னொருவன் பிராந்தன் உருட்டிய கல்லின் எடையைக் கேட்டான். என் மகள் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு நடந்து வருகையில், பனைமர வரப்பு முடிகிற இடத்தில், என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, பன்னிரண்டாவதை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டுத்தானே பஞ்சமி பொய் சொன்னாள்?"

"ஆமாம்."

"அப்படியானால் பதினொரு தடவையும் அவளுக்கு ஆசை இருந்திருக்கிறது. பொய் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்."

சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன், நானே சொல்லியும் இருக்கிறேன். வரருசியின் விதியை நோகும் கதையாகப் பார்த்திருக்கிறேன், சாதியின் பொய்மையைச் சொல்லும் கதையாகப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாவது முறை பஞ்சமியின் வாயிலிருந்து வந்த அந்த ஒரு பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் பதினொரு மௌனங்களுக்குள்ளும் போய்ப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சிறிது தூரம் நடந்ததும், "பஞ்சமியையும் யாரோ விட்டவர்கள்தானே" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

என் மகளைப் பெற்றவளுக்கு ஆசை இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. இருந்தது என்று ஒரு நாளும் அவளுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். நான் சொல்லியிருந்தால் அது ஆறுதல் வார்த்தை, நாளைக்கு வளர்ந்து கேள்வி கேட்டால் உடைந்துவிடும். கதை அதைச் சொல்லவில்லை, நினைத்துப் பார்க்க இடம் மட்டும் விட்டது. பஞ்சமியைப் பற்றிப் பேசுகையில் அவள் தன்னைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. என் முகத்தைப் பார்த்து, அம்மாவுக்கு வலிக்குமோ என்று சொற்களைப் பொறுக்க வேண்டியதில்லை. தத்துப் பிள்ளைகளுக்கான கதை என்று அட்டையில் எழுதிய புத்தகங்களில் கிடைக்காதது, குழந்தைகளுக்காகவே எழுதப்படாத ஒரு பழங்கதையில் கிடைத்தது. எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. விட்டுப் போனவளையும் கதைக்குள் ஒரு ஆளாக நிற்கவிடுங்கள். நல்லவளாகவோ கெட்டவளாகவோ ஆக்க வேண்டாம். நிற்கட்டும்.

தமிழிலும் இதன் உடன்பிறப்புக் கதை உண்டு. ஆதியும் பகவனும் பெற்று வழியில் விட்ட ஏழு பிள்ளைகள், ஔவையும் வள்ளுவரும் கபிலரும் அதில் அடக்கம். அங்கே, பிரிய முடியாமல் கலங்கும் தாயைப் பார்த்து, பச்சைக் குழந்தைகள் ஒவ்வொன்றும் வெண்பாப் பாடித் தேற்றுகின்றன. முன்பு அந்த வெண்பாக்களை ரசித்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்போது முடியவில்லை. பிறந்த குழந்தை ஏன் பெரியவர்களைத் தேற்ற வேண்டும்? என் மகள் திண்ணையில் எல்லாரைவிடவும் அதிகமாகச் சிரித்தாளே, அது அப்படி ஒரு வெண்பாதான். ஆண்டாளை எனக்குப் பிடிப்பது வேறு காரணத்தால். வில்லிபுத்தூரில் துளசிச் செடியின் அடியில் கண்டெடுக்கப்பட்டவள் என்று சொல்லப்படுகிறவள், கண்ணனைப் பாடவரும்போது "ஒருத்தி மகனாய்ப் பிறந்து ஓரிரவில் ஒருத்தி மகனாய் ஒளித்து வளர" என்கிறாள். இரண்டு ஒருத்திகள். எந்த ஒருத்திக்கும் உண்மையான என்ற அடைமொழி இல்லை. மார்கழியில் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே கோலம் போட்ட அடி, என் மகள் வந்த பிறகுதான் காதில் விழுந்தது.

வாசிப்பு நாளுக்குச் சில வாரம் கழித்து, பஞ்சமி திரும்பிப் போய்ப் பார்த்திருக்க முடியாதா என்று கேட்டாள். கதையில் அதற்கு வழியில்லை, சட்டத்தில் இருக்கிறது என்று சொன்னேன். பிள்ளையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாறினால் திரும்பி வர 60 நாள் தருகிறார்கள். பதினெட்டு வயதானால் பிள்ளை தானே விண்ணப்பித்துத் தன் வேர்களைத் தேடலாம். அதுவரைக்கும் எங்களோடு சேர்ந்து கேட்கலாம். தான் யார் என்பதைச் சொல்லாதீர்கள் என்று பெற்றவள் கேட்டிருந்தால் அவளுடைய சம்மதமும் வேண்டும். விரலை மடக்கி எண்ணினாள். "இன்னும் பத்து வருடம்" என்றாள். பிறகு, "நீங்களும் கூட வருவீர்களா?" என்றாள். வருவேன் என்றேன். வெளியே நிற்கச் சொன்னால் வெளியே நிற்பேன் என்றும் சொன்னேன். அதைக் கேட்டுச் சிரித்தாள். அது அவளுடைய சொந்தச் சிரிப்பு.

ஆத்தா சொன்னது

இந்தத் தைப் பொங்கலுக்கு அம்முச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். அதே திண்ணை. எதிர்வீட்டு ஆத்தாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல் இருக்கும். மடியில் கொள்ளுப்பேத்தி, இன்னும் பேச்சு வராத குழந்தை. அதைப் பார்த்து ஆத்தா பழையபடி தொடங்கினார்: "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்." எனக்கு அடிவயிறு இறுகியது. என் மகள் கரும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, "எத்தனை படி ஆத்தா? யாரிடமிருந்து?" என்று கேட்டாள்.

ஆத்தா சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "இவளைச் சும்மா சொன்னேன் சாமி. என்னை நிஜமாகவே தவிட்டுக்கு வாங்கினார்கள்" என்றார். ஆத்தாவுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லையாம். நான்காவதாக இவர் பிறந்ததும், முறத்தில் தவிட்டைப் பரப்பி அதில் கிடத்தி, புழக்கடை வழியாகப் பக்கத்துக் குடிசைக்காரி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் தன் பிள்ளை என்று வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆத்தாவின் அம்மா வாசல் வழியாகப் போய், ஒரு படித் தவிடு கொடுத்து, அவளிடமிருந்து குழந்தையை விலைக்கு வாங்கினாள். எமன் தேடி வந்தால், இது அவள் பெற்றது இல்லை, தவிட்டுக்கு வாங்கிய பண்டம் என்று நினைத்துப் போய்விடுவான். "என் பெயரிலேயே குப்பை இருக்கிறது பார். அதுவும் அதற்காக வைத்ததுதான்."

எங்கள் பக்கத்துக் குப்பம்மாள்களையும் பிச்சையம்மாள்களையும் பள்ளி வருகைப் பதிவேட்டில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்தத் தவிடும் இந்தத் தவிடும் ஒன்று என்று எனக்குத் தெரியாது. பிள்ளையைத் தக்கவைத்துக்கொள்ளச் சொன்ன பொய் அது. பஞ்சமி சொன்னது போல. நான் என் மகளைப் பார்த்தேன். அவள் ஆத்தாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் குடிசைக்காரி?" என்றாள்.

"அவளும் எனக்கு அம்மாதான். சாகிற வரைக்கும் என்னை மகளே என்றுதான் கூப்பிட்டாள். பொங்கலுக்கு அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் அம்மாவுக்கு எடுப்பேன்."

"அப்படியானால் உங்களுக்கு இரண்டு அம்மா."

"ஆமாம், இரண்டு" என்று ஆத்தா சாதாரணமாகச் சொல்லிவிட்டு, குழந்தையின் முதுகைத் தட்டத் தொடங்கினார்.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து 'நீ வந்த நாள்' புத்தகத்தை எடுத்தாள். ஓரம் நீட்டிக்கொண்டிருந்த தாள்கள் பழுத்துப் பழுப்பேறியிருந்தன. முதல் தாளில் ஒரு முறம் வரைந்தாள். ஓலை முடைந்த வரிகளைக்கூட ஒவ்வொன்றாக இழுத்தாள். முறத்துக்குள் நான்கு பல்லோடு ஒரு குழந்தை. முறத்தின் இந்த ஓரத்தில் இரண்டு கை, அந்த ஓரத்தில் இரண்டு கை. கைகளுக்கு வளையல் போட்டாள். முகம் வரையவில்லை. இரண்டாவது தாளில் எழுதுகிறாயா என்று கேட்டேன். "அது இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி மூடி வைத்தாள்.